"நம்ம இடம்" என்று தோன்ற வேண்டும்: வேலையிடம் பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். கண்டியிலும் நுவரெலியாவிலும் பல வருடம் கந்தோர் (அலுவலக) வேலை பார்த்துவிட்டு, இப்போது ஹட்டனில் பதினான்கு பேர் கொண்ட ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளும், அவர்களை வேலைக்கு எடுக்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சம்பளம் ஒழுங்காக வந்தால் போதாதா? "நம்ம இடம்" என்ற உணர்வெல்லாம் எதற்கு?

சம்பளம்தான் முதலில், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2015 அளவில் எழுந்து 2021இல்தான் கைக்கு வந்தது. அத்தனை வருடமும் நம் அம்மாமார் ரோட்டில் இறங்கி நின்றதைப் பார்த்தவர்களிடம், "சம்பளம் முக்கியமில்லை, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று எந்த முதலாளியும் சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் சம்பளம் வந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: நாளைக்கு நான் வராவிட்டால் இங்கே யாராவது தேடுவார்களா? உளவியலாளர்கள் ரோய் பௌமைஸ்டரும் மார்க் லீரியும் 1995இல் எழுதிய கட்டுரையில், மற்றவர்களோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது மனிதருக்கு அடிப்படைத் தேவை என்றார்கள். அதற்கு நூறு சிநேகிதர் வேண்டாம், சில பேரோடு அடிக்கடி நல்லபடியாகப் பழகக் கிடைப்பதும், அந்தப் பழக்கம் நிலைப்பதும், ஒருவர்மேல் ஒருவருக்கு அக்கறை இருப்பதும் போதும்.

நம் தோட்டத்துப் பேச்சில் இதற்குப் பக்கத்தில் வருகிற ஒரு சொல் இருக்கிறது: பேர். ஒரு நாள் வேலை ஒரு பேர். சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தன பேரு?" என்றால் எத்தனை நாள் வேலை விழுந்தது என்று அர்த்தம். "இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே அம்மா கூடையை இறக்கி வைத்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து உதறுவது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அன்று முழுக்க மழையில் நின்றவர் ஒரு முழு ஆள், ஆனால் செக்ரோலில் (வேலை பதிகிற பேரேட்டில்) அவர் பாதி. கந்தோர் வேலைக்கும் நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: இந்த இடத்தில் உங்களுக்கு முழுப்பேர் விழுகிறதா, அரைப்பேரா?

புதிதாக ஒருவர் சேரும்போது முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

பெயரைச் சரியாகக் கேட்டு எழுதுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை வைக்கிறேன்.

நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருப்பதால் அதில் அப்பா பெயரைப் போடுகிறோம், அடுத்த நாளிலிருந்து கந்தோர் முழுக்க நம்மை அப்பா பெயரால் கூப்பிடுகிறது. என்னை ஏழு மாதம் "மிஸ் கருப்பையா" என்றார்கள், மேசைமேல் வைத்த பலகையிலும் அதுதான் எழுதியிருந்தது. அப்பாமேல் எனக்கு உயிர், ஆனால் அது என் பெயர் இல்லை. மாற்றித் தாருங்கள் என்று கேட்கத் துணிவு வர எனக்கு ஏழு மாதம் ஆனது, மாற்ற அவர்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்னும் சிலருக்குப் பிறப்புச் சான்றிதழிலேயே பெயர் பிழை, காதில் விழுந்தபடி யாரோ எழுதியது; அடையாள அட்டையில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று முதல் நாளே கேட்டுவிட்டால் இவ்வளவும் தீரும்.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். இந்தியாவில் விப்ரோவின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் நடத்தி 2013இல் வெளியிட்டது. புதியவர்களில் ஒரு பகுதியினருக்கு நிறுவனத்தின் பெருமைகளைச் சொல்லி, நிறுவனப் பெயர் போட்ட மேலங்கி கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரிடம், உங்களுக்கு எது நன்றாக வரும், அதை இந்த வேலையில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்டு, அவரவர் பெயர் போட்ட மேலங்கி கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டாம் பகுதியில்தான் வேலையை விட்டுப் போனவர்கள் குறைவு.

அப்புறம் சின்ன விஷயங்கள். கழிவறை எங்கே, சாப்பாட்டை எங்கே வைப்பது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது. முதல் நாள் மதியம் புதியவரைத் தனியாகச் சாப்பிட விடாதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள்: பொகவந்தலாவையிலிருந்து வருகிற பிள்ளைக்கு மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தால், அந்தப் பிள்ளை கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும் மனசு பஸ் தரிப்பிடத்தில்தான் இருக்கும். நான் எல்லாக் கூட்டங்களையும் காலை பத்து மணிக்கு மாற்றிவிட்டேன்.

எங்கள் கந்தோரில் எல்லாருக்கும் சிங்களம் தெரியும். பிறகு எதற்குத் தமிழில் அறிவித்தல்?

ஒரு மொழியில் பஸ் டிக்கெட் கேட்கத் தெரிவது வேறு, அதே மொழியில் தன் பக்க நியாயத்தைச் சொல்லத் தெரிவது வேறு. எனக்குத் தெரிந்த ஒரு பெண், சிங்களத்தில் வந்த கடிதத்தில் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள். அது எச்சரிக்கைக் கடிதம். மூன்று மாதம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தபோதுதான் முதலாவது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. சம்பளச் சீட்டு, பாதுகாப்பு அறிவித்தல், ஒழுக்காற்றுக் கடிதம், இந்த மூன்றையாவது அவரவர் மொழியில் கொடுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தில் இருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. சட்டம் அரசாங்கக் காரியாலயத்தைத்தான் கட்டுப்படுத்தும் என்று தனியார் சொல்லலாம், ஆனால் ஒரு பக்கத்தை மொழிபெயர்த்துக் கொடுக்கச் சட்டமா வேண்டும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை நம் ஆட்களுக்குச் சொல்கிறேன். என் பிரிவில் ஆறேழு பேர் தமிழில் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடும்போது, பக்கத்தில் ஒரு சிங்கள நங்கி (தங்கை) சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், நிமிர மாட்டாள். கண்டியில் நான் அப்படி உட்கார்ந்தவள் என்பதால் அந்தக் குனிந்த தலையை எனக்கு உடனே தெரிந்தது. கணினியில் மூன்று பேர் பந்தெறிந்து விளையாடுகிற மாதிரி ஒரு சோதனை இருக்கிறது, சிறிது நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்குப் பந்தைப் போடாமல் நிறுத்திவிடுவார்கள். அப்போது மூளையைப் படம் பிடித்துப் பார்த்தவர்கள், உடல் வலியின் வேதனையோடு தொடர்புள்ள பகுதி வேலை செய்வதாக 2003இல் எழுதினார்கள். வெறும் பந்துக்கே அப்படி. அந்த நங்கிக்கு இரண்டு வரி சிங்களத்தில் திருப்பிச் சொல்ல நமக்கு என்ன குறைந்துவிடும்?

விண்ணப்பத்தில் தோட்டத்து முகவரியைப் போடலாமா? போட்டால் கூப்பிட மாட்டார்கள் என்கிறார்களே.

போடுங்கள். பலர் டவுனில் இருக்கிற மாமா வீட்டு முகவரியைப் போடுவது எனக்குத் தெரியும், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பல வீடுகளுக்குத் தனி முகவரியே கிடையாது, கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு மொத்தமாக வந்து, யாரோ எடுத்து, யாரிடமோ கொடுத்தனுப்பி, கைக்கு வரும்போது நேர்முகப் பரீட்சை முடிந்திருக்கும். அந்தப் பயத்தில் டவுன் முகவரி போட்டால் அது நியாயம். ஆனால் தோட்டம் என்று தெரியக் கூடாது என்பதற்காகப் போட்டால், வேலை கிடைத்த பிறகும் மறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். "உங்க வீடு எங்க?" என்று சாதாரணமாகக் கேட்டால்கூடத் திடுக்கிட வேண்டும்.

இந்தத் திடுக்கிடல் நம்மோடு பிறந்தது அல்ல. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம் பாட்டன்மாரை நாடில்லாதவர்களாக்கியது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் உட்கார்ந்து, இவ்வளவு லட்சம் பேர் அங்கே, இவ்வளவு லட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. என் அப்பா இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே வேலை செய்து, நாற்பது வயதுக்குப் பிறகுதான் அடையாள அட்டை எடுத்தார். அப்படி ஒரு வீட்டிலிருந்து வருகிற பிள்ளை, "இது உன் இடம்தான்" என்று ஒரு தடவை சொன்னதும் நம்பிவிடாது. வேலைக்கு எடுக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நேர்முகத்துக்குக் கடிதத்தோடு ஒரு தொலைபேசி அழைப்பும் எடுங்கள்.

"தோட்டக்காட்டான்" என்று விளையாட்டுக்குத்தான் சொல்கிறார்கள். கண்டுகொள்ளாமல் விடலாமா?

விடக் கூடாது. சிங்களவர்தான் என்றில்லை, வேறு ஊர்த் தமிழர் வாயிலிருந்தும் இது வரும், அது இன்னும் வலிக்கும். மேற்பார்வையாளர் அதே இடத்தில், அதே நிமிடம், "இங்கே அந்தச் சொல் வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த எல்லார் முன்னிலையிலும். பட்டவரை முதலில் எழுத்தில் முறைப்பாடு கொடு என்று அனுப்புவது அவருக்கு இரண்டாவது தண்டனை.

பொங்கல், தீபாவளி, வெசாக் எல்லாம் கொண்டாடுகிறோம். போதுமா?

நல்லது, தொடர்ந்து செய்யுங்கள். ஆனால் தீபாவளியும் பொங்கலும் எப்படியும் அரச விடுமுறை. நம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே வேண்டியது தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும், மாசியில் காமன் கூத்து நடக்கிற ராத்திரிக்கு அடுத்த நாளுக்கும் லீவு. அது எந்தக் கலண்டரிலும் சிவப்பாக இருக்காது. வருட ஆரம்பத்திலேயே கேட்டுக் குறித்து வைத்தால், ஆளுக்கு ஆள் முறை மாற்றிக்கொள்ளலாம்.

மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா? இது கந்தோர்க்காரர் பேச்சு இல்லையா?

அவர்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும், ஆனால் அங்கே கழிவறையில் இருந்து தொடங்க வேண்டும்.

அம்மா காலையில் ஒரு கோப்பை சாயத்தண்ணியோடு போவார். அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டார், குடித்தால் ஒதுங்க இடமில்லை. தேயிலைக்கு நடுவே காணில் (வாய்க்காலில்) குந்தி, காலில் ஏறுகிற அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுவார். விரலெல்லாம் கொழுந்துக் கறை கறுப்பாக ஒட்டியிருக்கும், அதைக் கழுவவும் தண்ணீர் இருக்காது. ஐம்பது வயதுக்குள் எத்தனை தடவை சிறுநீர் எரிவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று எனக்குத்தான் தெரியும், கூடப் போனவள் நான். ஒரு வேலைத்தளம் ஒரு பெண்ணின் உடம்புக்கு இவ்வளவு கூட இடம் கொடுக்காமல், "நீங்கள் எங்கள் நிறுவனத்தின் முதுகெலும்பு" என்று மே மாதத்தில் சொன்னால் அந்தப் பெண் எதை நம்புவார்? மலைக்குப் பக்கத்தில் ஒரு கழிவறை, ஒரு தண்ணீர்க் குழாய், மழைக்கு ஒதுங்கிச் சாப்பிட ஒரு கூரை. இதைச் செய்த தோட்டங்களும் இருக்கின்றன, அதனால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது மடுவத்துத் தராசு, கொழுந்து நிறுக்கிற இடத்தில் இருப்பது. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழிக்கிறார்கள். எவ்வளவு, ஏன் என்று பலகையில் தமிழில் எழுதி வையுங்கள், நிறுக்கும்போது எண்ணை அந்தப் பெண்ணும் பார்க்கும்படி தராசைத் திருப்பி வையுங்கள். அந்த ஒரு திருப்பலில் வருகிற மரியாதை வேறு எதிலும் வராது.

அப்புறம் பேச்சு. இருபத்தைந்து வயதுச் சின்னத்தொரை (உதவித் தோட்ட அதிகாரி), தன் அம்மா வயதுப் பெண்ணை "ஏய்" என்பதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அதே மலையில் அவருக்குப் பிறகு வந்தவர் பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில்) நின்று, "அம்மா, கால் வீக்கம் எப்படி?" என்று கேட்பார். எந்த மலையில் இலை முற்றப் பார்க்கிறது, எதை முதலில் எடுக்கலாம் என்று அந்தப் பெண்களிடமே கேட்பார். இருபது முப்பது வருடம் அந்தச் செடிகளோடு நின்றவர்களுக்குத் தெரியாதா? அம்மா ராத்திரி அடுப்படியில், "இன்னைக்குத் தொரை எங்களக் கேட்டுத்தான் மலைய மாத்துனாரு" என்று சொன்ன குரலை நான் மறக்கவே மாட்டேன்.

இன்னொன்று, கொழுந்து எடுக்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் பெண்கள், கங்காணிகள் பெரும்பாலும் ஆண்கள். பெண் கங்காணிகளை இன்னும் ஏன் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது?

கூட்டத்தில் கருத்துக் கேட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் வாய் திறப்பதே இல்லை. என்ன செய்வது?

வாய் திறந்தவர்களுக்கு இங்கே என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் ஆரம்பித்தார். சங்கம் என்ற சொல்லுக்கே வேலை போன காலம் அது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளப் போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். "தொரைகிட்ட எதுத்துப் பேசாத" என்று வீட்டில் சொல்லி வளர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. இது வெட்கம் என்று நினைத்து "பேசு, பேசு" என்று எல்லார் முன்னிலையிலும் தள்ளினால் இன்னும் மூடிக்கொள்வார்கள்.

என் அனுபவத்தில் உதவியது: கூட்டத்துக்கு முதல் நாளே கேள்வியைக் கொடுத்துவிடுவது, ஒவ்வொருவரிடமும் தனியாக ஐந்து நிமிடம் பேசுவது, யாராவது சொன்ன ஒரு யோசனையை உண்மையிலேயே செய்து காட்டி, "இது இன்னார் சொன்னது" என்று எல்லாருக்கும் சொல்வது. மூன்றாவதுதான் கதவைத் திறக்கும், முதல் இரண்டும் தட்டுவது மட்டும்தான்.

பிழை விட்டவர் அதை ஒத்துக்கொண்டால் என்ன நடக்கிறது என்பதையும் எல்லாரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களைப் பார்த்தபோது, நன்றாக ஒத்துழைக்கிற குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவிலோ கூடுதலாக இருந்தன. தோண்டிப் பார்த்தால், அவர்கள் பிழையை மறைக்காமல் வெளியே பேசினார்கள், மற்றக் குழுக்களில் பயத்தில் மறைத்தார்கள். தேயிலை ஸ்டோரிலும் (தொழிற்சாலையிலும்) இதே கதைதான்: இரவு ஷிப்ட்டில் நிற்பவர் இலை கூடுதலாக வாடிவிட்டதைக் கண்டும் சொல்லப் பயந்தால், காலையில் கிடைக்கிற தூள் முழுக்கக் கெட்டுப்போகும்.

பிரசவ லீவு முடிந்து வருகிறவரை எப்படி எடுத்துக்கொள்வது?

அவர் போகும்போது செய்த வேலையை அவருக்கே திருப்பிக் கொடுங்கள். 2018இல் சட்டம் திருத்திய பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் லீவு உண்டு, அது யாரும் செய்கிற தயவு இல்லை. திரும்பி வருகிற நாளில் அவர் கதிரையில் இன்னொருவர் இருந்தால், நீங்கள் எதுவும் சொல்லாமலே அவருக்குப் பதில் கிடைத்துவிடும்.

இடர் காலத்தில் நிறுவனம் என்ன செய்ய வேண்டும்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து ரோடுகள் போயின, போனும் வேலை செய்யவில்லை. அந்த நாட்களில் என் தோழி வேலை செய்த இடத்தில், வராதவர்களுக்கு லீவு வெட்டினார்கள். நாங்கள் பதினான்கு பெயரையும் ஒரு தாளில் எழுதி, யார் பேசிவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாக அடையாளம் போட்டோம். நான்காம் நாள் ஒரு பெயர் மட்டும் மிச்சம். அந்த ஊர்ப் பக்கம் நடந்தே போய்வந்த ஒருவர் மூலம்தான், முகாமில் இருக்கிறாள், குடும்பம் பத்திரம் என்று தெரிந்தது. அந்தத் தாளை மடித்து இன்னும் லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். பேர் போடுவது என்றால் எனக்கு இனி அந்தத் தாள்தான் ஞாபகம் வரும்.

வட்ஸ்அப் குழுவில் எல்லாரையும் சேர்த்துவிட்டோம். அது உதவுமா?

வேலைக் குழு வேலைக்கு மட்டும் இருக்கட்டும். இரவு எட்டு மணிக்குப் பிறகு எழுதாதீர்கள். முக்கியமான முடிவை அதில் மட்டும் போடாதீர்கள், டேட்டா முடிந்தவருக்கும் சிக்னல் இல்லாத லயத்தில் இருப்பவருக்கும் அது போய்ச் சேராது.

என் கந்தோரில் நான் ஒருத்தி மட்டும்தான் மலையகத் தமிழ். நான் என்ன செய்ய முடியும்?

இந்த உணர்வை உண்டாக்குவது முதலில் இடத்தை நடத்துகிறவரின் வேலை, உங்கள் வேலை அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். ஒரே ஒருவரைப் பிடியுங்கள், அவர் உங்களைப் போலவே இருக்க வேண்டும் என்றில்லை. எனக்குக் கண்டியில் கிடைத்தவர் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு வயதான சிங்கள அக்கா. மிஸ் கருப்பையாவாக இருந்த அந்த ஏழு மாதமும் என்னை என் பெயரால் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான், பலகையை மாற்றக் கேள் என்று துணிவு சொன்னவரும் அவர்தான். பெயரைப் பிழையாகச் சொன்னால் முதல் வாரத்திலேயே திருத்துங்கள், தள்ளிப்போடப் போடக் கஷ்டம்.

ஆறு மாதம், ஒரு வருடம் பார்த்தும் எதுவும் மாறவில்லை, காலையில் பஸ் ஏறும்போதே நெஞ்சு கனக்கிறது என்றால், வேறு வேலை தேடத் தொடங்குங்கள். கையில் புதுக் கடிதம் வராமல் பழையதை விடாதீர்கள், வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி இருப்பார்கள். விட்டுப் போகும்போது காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதி உங்களிடம் வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களுக்குப் பிறகு அந்தக் கதிரைக்கு மஸ்கெலியாவிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ இன்னொரு பிள்ளை வருவாள்.